கல்லெழுத்தைக் குலமாகக் கொண்ட சுல்தான்

தில்லி மாநகரின் தென்புறத்தில், குதுப்மினார் வளாகத்தின் வடமேற்கு மூலையில், கூரையில்லாத ஒரு கல்லறை மண்டபம் இருக்கிறது. மினாரை அண்ணாந்து பார்த்த களைப்போடு திரும்புகிறவர்கள் பலர் அதனுள் நுழைவதில்லை. வெளித்தோற்றம் எளிய சதுரம். உள்ளே அடி வைத்தால் நிலைமை வேறு. ஏறத்தாழ ஒன்பது மீட்டர்ப் பக்கமுடைய அச்சதுர அறையின் செந்நிறக் கற்சுவர்களில் வெற்றிடம் காண்பது அரிது. சித்திர வேலைப்பாடும் அரபு எழுத்தும் மாறிமாறி நிறைந்திருக்கின்றன. ஓரிடத்தில் எழுத்து கொடிபோல் வளைந்து ஓடுகிறது. மற்றோரிடத்தில் நேர்க்கோடும் மூலையுமாக, கட்டடத்தின் ஓர் உறுப்பே போல் நிமிர்ந்து நிற்கிறது. இந்தக் கோண எழுத்துக்குக் கூஃபி என்று பெயர்.

அங்கே துயில்பவர் சுல்தான் சம்சுத்தீன் இல்துத்மிஷ். கி.பி. 1211 முதல் 1236 வரை கால் நூற்றாண்டுக் காலம் தில்லியை ஆண்டவர். சந்தையில் விலை பேசப்பட்ட அடிமையாகத் தொடங்கி, அரியணையில் முடிந்த வாழ்க்கை அவருடையது. அவர் நடத்திய போர்களைப் பாடநூல்கள் வரிசைப்படுத்திச் சொல்லும். அவ்வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் எழுத்து ஒன்று குறுக்கிட்டதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. விடுதலைத் தாள், நாணயம், கலீபாவின் பட்டயம், மசூதிச் சுவர், மகளுக்காக எழுதிய ஆணை என்று அந்த எழுத்துகள் நீள்கின்றன. அரச குலத்தில் பிறவாத ஒருவர், எழுத்தையே தம் குலமாக ஆக்கிக்கொண்ட வரலாறு இது.

விற்கப்பட்ட சிறுவன்

துருக்கியரின் இல்பாரி இனக்குழுவில், செல்வாக்கு மிக்க ஒரு தலைவரின் மகனாகப் பிறந்தவர் இல்துத்மிஷ். அழகும் அறிவும் நிறைந்த சிறுவன். தந்தைக்கு அவன்மீது தனிப்பாசம். அந்தப் பாசமே அவனுக்குப் பகையாயிற்று. பொறாமை கொண்ட உடன்பிறந்தார், குதிரைக் கூட்டத்தைக் காட்டுவதாகச் சொல்லி அவனை வீட்டிலிருந்து அழைத்துச் சென்று வணிகன் ஒருவனிடம் விற்றுவிட்டனர். பிற்காலத்தில் தபகாத்தே நாசிரி என்னும் வரலாற்று நூலை எழுதிய மின்ஹாஜ் சிராஜ், இந்நிகழ்ச்சியை யூசுப் நபியின் கதையோடு சேர்த்து நினைக்கிறார்.

வணிகன் அவனைப் புகாரா நகருக்குக் கொண்டு சென்றான். அங்கே சமயத் தலைவர் குடும்பம் ஒன்று அவனை வாங்கியது. அடிமையாக இருந்தபோதிலும் அவ்வீட்டில் அவன் அன்போடு வளர்க்கப்பட்டான். கல்வியும் ஒழுக்கமும் அங்கேதான் அமைந்தன. ஒருநாள் கடைத்தெருவில் திராட்சைப்பழம் வாங்கிவரச் சொல்லி அவனிடம் ஒரு காசு கொடுத்தனுப்பினார்கள். வழியில் காசு தொலைந்துவிட்டது. வெறுங்கையோடு திரும்ப அஞ்சி அழுது நின்ற சிறுவனைக் கண்ட ஒரு துறவி, தம் காசில் பழம் வாங்கிக் கொடுத்தார். செல்வமும் ஆட்சியும் வாய்க்கும் காலத்தில் துறவிகளை மதித்து நடக்க வேண்டும் என்று உறுதியும் வாங்கிக்கொண்டார். அரசரான பின்பு சபையோர் நடுவில் இல்துத்மிஷ் இக்கதையைத் தாமே சொல்லி நெகிழ்ந்ததுண்டு. தில்லியில் வாழ்ந்த சூஃபி ஞானி குத்புத்தீன் பக்தியார் காக்கியிடம் அவர் காட்டிய பணிவுக்கு, அந்தத் திராட்சைக் கொத்தே வித்து எனலாம்.

புகாராவிலிருந்து மீண்டும் கை மாறி, ஜமாலுத்தீன் முகம்மது என்னும் வணிகரோடு கஜினிக்கு வந்து சேர்ந்தார். கஜினி அப்போது கோரி மன்னர் முயிஸ்ஸுத்தீன் முகம்மதுவின் ஆட்சியில் இருந்தது. இல்துத்மிஷின் தோற்றத்தையும் திறமையையும் கேள்விப்பட்ட மன்னர் அவரையும் வேறோர் இளைஞனையும் ஒன்றாக விலைக்குக் கேட்டார். ஆயிரம் தினார் என்று விலை பேசப்பட்டது. வணிகர் இணங்கவில்லை. சினமடைந்த மன்னர், கஜினியில் எவரும் இந்த அடிமையை வாங்கக்கூடாது என்று தடை விதித்தார்.

கூஃபா நகரத்து எழுத்து

விலை படியாத அடிமையாக இல்துத்மிஷ் நடமாடிய கஜினி, எழுத்தைக் கட்டடமாக்கிய நகரம். கஜினி சுல்தான் மூன்றாம் மசூத் எழுப்பிய செங்கல் கோபுரம் அங்கே நின்றது. அதன் முகமெங்கும் கூஃபி எழுத்து. கோரி மரபினர் மலைப் பள்ளத்தாக்கில் கட்டிய ஜாம் என்னும் கோபுரம் ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுடையது. குர்ஆனின் மர்யம் அதிகாரம் முழுவதும் அதன் செங்கற்களில் பின்னலாக ஓடுகிறது. நீலப் பச்சை ஓட்டில் பதித்த கூஃபி வரியொன்று அதைக் கட்டிய மன்னரின் பெயரை ஏந்தி நிற்கிறது.

அரபு எழுத்தின் பழைய வடிவங்களில் தலையானது கூஃபி. ஏழாம் நூற்றாண்டில் ஈராக்கில் உருவான கூஃபா நகரின் பெயரால் அது வழங்குகிறது. முற்காலக் குர்ஆன் படிகள் தோலில் இந்த எழுத்தில்தான் எழுதப்பெற்றன. கிடைக்கோடு கனத்து நீளும். நெடுங்கோடு குறுகி நிமிரும். பக்கத்தை நிறைப்பதற்காக ஓர் எழுத்தின் கிடைக்கோட்டை விரல் நீளத்துக்கு இழுத்துவிடுவதும் உண்டு. தொடக்கக் காலத்தில் ஓரெழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து பிரித்தறிய உதவும் புள்ளிகள் பெரும்பாலும் இடப்படவில்லை. பின்னர் உயிரொலிகளைக் குறிக்கச் செம்மைப் புள்ளிகள் வைத்தனர். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகிய தமிழறிஞர்களுக்கு இந்நிலை வியப்பளிக்காது. அறிந்தவன் படிப்பான், அறியாதவன் வடிவத்தைப் பார்த்து நிற்பான்.

எழுதுபொருள் மாறினால் எழுத்தின் முகம் மாறும். நொய்யல் கரையில் கொடுமணலின் பானை ஓடுகளில் கீறப்பட்ட தமிழி எழுத்து நேர்க்கோடுகளால் ஆனது. அறச்சலூர் மலைக்குகையில் தேவன் சாத்தன் இசையெழுத்துகளைப் பொறித்தபோது அந்தக் கோடுகள் வளையத் தொடங்கிவிட்டன. அங்கிருந்து வட்டெழுத்துக்கு வழி பிறந்தது. அரபு எழுத்திலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. தாளின் வருகையும் விரைந்து எழுத வேண்டிய தேவையும் வளைவெழுத்துக்கு இடம் கொடுத்தன. பாக்தாதில் அமைச்சராக இருந்து, 940இல் மறைந்த இப்னு முக்லா, எழுதுகோலின் ஒரு புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு வளைவெழுத்துகளுக்கு விகிதம் வகுத்தார். அதன்பின் நூல் எழுதுவதில் கூஃபி மெல்லப் பின்வாங்கிற்று. ஏட்டில் இடமிழந்த அந்த எழுத்து, சுவரில் புதுவாழ்வு பெற்றது.

சுவர் அதற்கு ஏற்ற இடம். செங்கல்லை நேராகவும் குறுக்காகவும் அடுக்கினாலே எழுத்து வந்துவிடும். வரிசையாக நிற்கும் நெடுங்கோடுகள் தூண்களாகத் தோன்றும். அந்த நெடுங்கோடுகளின் உச்சியில் இலையும் பூவும் மலரச் செய்தார்கள். இரண்டு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கி முடிச்சிட்டார்கள். இவ்வகைக்குப் பின்னல் கூஃபி என்று பெயர். நூலை வளையமாக்கி, வளையத்துள் வளையம் கோத்து ஆடை பின்னும் ஊரார்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் பின்தொடர முயன்றால் எழுத்து மறைந்து பின்னல் மட்டும் நிற்கும். சற்று விலகி நின்றால் பின்னல் மறைந்து எழுத்து எழும்.

கம்பளத்தின் அடியில் ஒரு தாள்

கஜினி மன்னரின் தலைமை அடிமையும் இந்தியப் படைத்தலைவருமான குத்புத்தீன் ஐபக், இல்துத்மிஷை வாங்க விரும்பினார். கஜினியில் விற்கக்கூடாது என்ற தடை நீடித்ததால், தில்லிக்குக் கொண்டுசென்று வாங்கிக்கொள்ள மன்னர் இசைந்தார். இல்துத்மிஷும் அவரோடு இன்னோர் இளைஞனும் சேர்ந்து ஒரு லட்சம் ஜிதாலுக்கு விலைபோனதாக மின்ஹாஜ் குறிக்கிறார். ஆக, அடிமையின் அடிமையாக அவர் தில்லிக்குள் நுழைந்தார்.

ஐபக் அவரை மகன்போல் நடத்தினார். படிப்படியாகக் குவாலியர், பரண், பதாயூன் ஆகிய இடங்களின் ஆட்சிப் பொறுப்பு வந்தது. ஐபக் தம் மகளையும் மணம் செய்து கொடுத்தார். 1205-06இல் ஜீலம் நதிக்கரையில் கோக்கர்களோடு நடந்த போரில், இல்துத்மிஷ் குதிரையோடு ஆற்றுநீரில் இறங்கிப் பகைவரைத் தாக்கினார். அதைக் கண்ட முயிஸ்ஸுத்தீன், அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்குமாறு ஐபக்குக்குக் கட்டளையிட்டார். அந்தத் தாளின் மதிப்பு அன்று எவருக்கும் தெரிந்திருக்காது.

1206இல் முயிஸ்ஸுத்தீன் கொல்லப்பட்டார். 1210இல் லாகூரில் குதிரைப் பந்தாட்டத்தின்போது தவறி விழுந்து ஐபக் இறந்தார். அவருக்குப்பின் அரியணைக்கு வந்த ஆராம் ஷாவிடம் நம்பிக்கை கொள்ளாத தில்லித் தலைவர்கள், பதாயூனிலிருந்து இல்துத்மிஷை அழைத்தனர். 1211இல் அவர் ஆராம் ஷாவை வென்று அரியணை ஏறினார்.

அரியணை ஏறிய நாளைப் பற்றி ஒரு கதையை, ஒரு நூற்றாண்டுக்குப் பின் தில்லிக்கு வந்த இப்னு பதூதா பதிவு செய்திருக்கிறார். சமய நீதிபதி வஜீஹுத்தீன் காசானியின் தலைமையில் அறிஞர்கள் சுல்தானிடம் சென்றனர். நீதிபதி வழக்கம்போல் அவர் அருகே அமர்ந்தார். அவர்கள் வந்த நோக்கத்தைச் சுல்தான் உணர்ந்துகொண்டார். அடிமையாக இருப்பவன் அரசனாக முடியாது என்பது சட்டம். கேள்வி வாயிலிருந்து எழுமுன்பே, தாம் அமர்ந்திருந்த கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, அதன் அடியிலிருந்து விடுதலைப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். நீதிபதி படித்தார், மற்றவர்களும் படித்தனர். எல்லாரும் அவருக்கு விசுவாசம் தெரிவித்தனர்.

வாளால் வென்ற அரியணை ஒரு தாளின்மீது அமர்ந்திருந்தது. அவர் காலடியில் எப்போதும் அந்தத் தாளை வைத்திருந்தார் என்றால், அந்தக் கேள்வி என்றேனும் வரும் என்ற அச்சம் அவர் நெஞ்சில் எப்போதும் இருந்தது என்றே பொருள்.

கலீபாவின் ஆடை

அரியணை எளிதில் நிலைபெறவில்லை. கஜினியிலிருந்து தாஜுத்தீன் எல்துஸ் தில்லிக்கு உரிமை கோரினார். சிந்துவில் நாசிருத்தீன் கபாச்சா தனியரசு நடத்தினார். வங்கத்தில் கில்ஜித் தலைவர்கள் பணிய மறுத்தனர். ரஜபுத்திரர் இழந்த கோட்டைகளை மீட்டனர். இல்துத்மிஷ் காத்திருந்து காய் நகர்த்தினார். 1216இல் தராயின் களத்தில் எல்துஸ் வீழ்ந்தார். 1221இல் செங்கிஸ்கானால் துரத்தப்பட்ட குவாரசம் இளவரசர் ஜலாலுத்தீன் சிந்துநதியைக் கடந்து வந்து அடைக்கலம் கேட்டபோது, சுல்தான் நயமாகத் தட்டிக் கழித்தார். மங்கோலியப் பெருந்தீ தில்லியைத் தீண்டாமல் போனதற்கு அந்த மறுப்பும் ஒரு காரணம். தாம் வளர்ந்த புகாரா 1220இல் எரிந்து சாம்பலான செய்தி அவருக்கு எட்டியிருக்கும். 1226இல் ரந்தம்பூர் கைப்பட்டது. 1228இல் கபாச்சா சிந்துநதியில் மூழ்கி இறந்தார்.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகும் ஒரு குறை இருந்தது. அவருடைய உரிமைக்குச் சான்று சொல்ல ஒரு பாட்டன் பெயர் இல்லை. அக்குறையைத் தீர்க்கும் சான்று பாக்தாதிலிருந்து வந்தது. 1229 பிப்ரவரியில் அப்பாசியக் கலீபா அல்முஸ்தன்சிரின் தூதர்கள் தில்லியை அடைந்தனர். அவரைச் சுல்தானாக அங்கீகரிக்கும் பட்டயமும் மரியாதை ஆடையும் கொண்டுவந்தனர். நகரமே அலங்கரிக்கப்பட்டது.

ஆடைக்கும் எழுத்துக்கும் அந்த உலகில் நெருங்கிய உறவு உண்டு. ஆளும் கலீபாவின் பெயரைக் கைப்பட்டையில் நெய்தோ பூவேலை செய்தோ அளிப்பது அப்பாசியர் காலத்தும் எகிப்து ஃபாத்திமியர் காலத்தும் ஓங்கியிருந்த வழக்கம். அவ்வகைத் துணிக்குத் திராஸ் என்று பெயர். இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ள பல திராஸ் துண்டுகளில் கூஃபி எழுத்தே காணப்படுகிறது. அந்தக் கோண எழுத்து, கட்டட வேலைக்கு இயல்பாகப் பொருந்தியதுபோலவே பாவுக்கும் ஊடைக்கும் பொருந்தியது. பாவு நேர்நின்றது, ஊடை குறுக்கே ஓடியது, அவை இரண்டும் தாமே எழுத்தின் இரு கோடுகளாயின. அரசனின் பெயரை உடம்பில் உடுத்துக்கொள்வது அவனுக்கு உரியவன் என்பதற்கு அடையாளம். நூலில் எழுதப்பட்ட விசுவாசம் அது.

கலீபாவின் பெயர் இல்துத்மிஷின் வெள்ளித் தங்காவிலும் பொறிக்கப்பட்டது. ஏறத்தாழ பதினொரு கிராம் எடையுள்ள அந்த நாணயமே தில்லிச் சுல்தான்களின் நாணய முறைக்கு அடித்தளமாயிற்று. எனினும் சந்தையில் புழங்கிய சிறு காசுகளில் அவர் பழைய வழக்கை விடவில்லை. காளையும் குதிரைவீரனும் பொறித்த அக்காசுகளில் அவர் பெயர் நாகரி எழுத்தில் நின்றது. வெள்ளிக்கு அரபு, சில்லறைக்கு நாகரி. தம்மை எவர் எந்த எழுத்தில் படிப்பார் என்பதை அந்த அரசர் நன்கு அறிந்திருந்தார்.

முறையிட வருவோர்க்கு அவர் செய்த ஏற்பாடு ஒன்றையும் இப்னு பதூதா சொல்கிறார். இந்தியர் அக்காலத்தில் பொதுவாக வெள்ளாடை உடுத்தினர். ஆகவே அநீதிக்கு ஆளானவர் சாயம் தோய்த்த ஆடை உடுத்து வர வேண்டும் என்று ஆணையிட்டார். கூட்டத்தில் நிறத்தைக் கண்டதும் சுல்தான் அவரை அழைத்து விசாரிப்பார். இரவில் வருவோர்க்காக அரண்மனை வாயிலில் இரண்டு சலவைக்கல் சிங்கங்களை நிறுத்தி, அவற்றின் கழுத்துச் சங்கிலியில் மணி கட்டினார். ஆராய்ச்சி மணி கேட்டுத் தேர்க்காலில் மகனைக் கிடத்திய சோழனின் கதையில் வளர்ந்த தமிழருக்கு அந்த மணியோசை அன்னியமாகத் தோன்றாது.

கல்லில் எழுந்த எழுத்து

பட்டயம் வந்த 1229ஆம் ஆண்டை ஒட்டியே தில்லிப் பெருமசூதியின் விரிவாக்கமும் நடந்தது. ஐபக் எழுப்பிய மசூதி, இருபத்தேழு கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டப்பட்டதென அதன் வாயிற்கல்வெட்டே கூறுகிறது. அதன் முகப்பில் 1199ஐ ஒட்டி எழுப்பிய கல்திரையில் வளைவெழுத்துகள் பூங்கொடிகளோடு கலந்து ஓடுகின்றன. கொடி எது, எழுத்து எது என்று பிரிக்க முடியாதவாறு இலைகள் உயிர்ப்போடு சுருள்கின்றன. கோயில் தூண்களில் கொடியைச் செதுக்கிப் பழகிய இந்தியச் சிற்பிகளின் உளி அங்கே பேசுகிறது.

இல்துத்மிஷ் இருபுறமும் நீட்டிய திரையில் காட்சி மாறுகிறது. கொடி அடங்குகிறது, வடிவக் கணிதம் மேலெழுகிறது. எழுத்து பின்னணியிலிருந்து தனித்துப் பிரிந்து நிற்கிறது. கஜினியிலும் ஜாமிலும் கண்ட கோண எழுத்து, செங்கல்லை விட்டு, செந்நிறக் கல்லில் குடியேறுகிறது. அஜ்மீரில் அடாயி தின் கா ஜோன்ப்டா என்று வழங்கும் மசூதியின் முன்னே அவர் காலத்தில் எழுந்த ஏழு வளைவுகள் கொண்ட திரையிலும் கூஃபி எழுத்து ஓங்கி நிற்கிறது. 1231இல், வங்கத்தை வென்று அங்கேயே இறந்த தம் மூத்த மகன் நாசிருத்தீன் மகமூதுக்காகத் தில்லிக்கு வெளியே சுல்தான் காரி என்னும் நிலவறைக் கல்லறையை எழுப்பினார். துயரின் நடுவிலும் அரபு வரிகளைக் கல்லில் பொறிக்கச் செய்தார். தம் கல்லறையையும் தம் ஆயுட்காலத்திலேயே தொடங்கினார். குதுப்மினாரின் மேல் மூன்று அடுக்குகளும் அவர் பணியே. பின்னர் இடி விழுந்து சிதைந்ததால் 1368இல் பெரோஸ் ஷா உச்சியைத் திருத்திக் கட்டினார்.

சோழப் பேரரசன் கோயில் அடிப்பட்டையில் தன் மெய்க்கீர்த்தியைப் பொறித்தான். எந்த நாட்டை வென்றான், எவருக்கு என்ன கொடுத்தான் என்பதை அங்கே ஊரார் படித்தறியலாம். இல்துத்மிஷின் சுவர்களில் பெரும்பகுதி குர்ஆன் வசனங்களே. அவற்றைக் கூஃபியில் படிக்கத் தக்கவர் அன்றைய தில்லியில் மிகச் சிலராகவே இருந்திருப்பர். வளைவெழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கும் பின்னல் கூஃபி எளிதன்று. அப்படியாயின் அந்த எழுத்து யாருக்காக? படிப்பதற்கு முன்பே அது பழமையைச் சொல்லிவிடுகிறது. முதல் குர்ஆன் படிகளின் எழுத்து, கலீபாக்களின் ஆடையில் இருந்த எழுத்து, கஜினிக் கோபுரத்தில் ஓங்கிய எழுத்து என்ற நெடிய வரிசையின் கடைசியில் தம் பெயரைச் சேர்த்துக்கொண்டார் அந்த முன்னாள் அடிமை. பிறர்க்குப் பாட்டனும் முப்பாட்டனும் கொடுத்ததை அவருக்கு அந்த எழுத்து கொடுத்தது.

அதைச் செதுக்கியவர்களை மறந்துவிடலாகாது. குதுப்மினாரில் கல்தச்சர்கள் நாகரியில் கீறிச்சென்ற குறிப்புகள் உண்டு. தாம் அறிந்த எழுத்தில் தம் அடையாளத்தை விட்டவர்கள், தமக்கு அறிமுகமற்ற எழுத்தை வரைபடம் பார்த்துச் செதுக்கியிருக்க வேண்டும். பொருள் தெரியாத எழுத்தின் கோட்டை ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டுவது எத்தகைய உழைப்பு!

கல்லுக்கு வேறு நினைவுகளும் உண்டு. அஜ்மீர் மசூதி நிற்கும் இடத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் சில கற்பலகைகள் கண்டெடுக்கப்பட்டன. சௌகான் அரசன் விக்கிரகராஜன் இயற்றிய ஹரகேளி நாடகமும், அவன் அவைப்புலவன் சோமதேவன் இயற்றிய நாடகமும் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. முன்னதின் காலம் 1153. நாடகத்தைக் கல்லில் எழுதிய ஓர் அரசனின் இடத்தில், மறையைக் கல்லில் எழுதிய ஓர் அரசனின் திரை நிற்கிறது. 1230களில் மாளவத்தின்மீது படையெடுத்த இல்துத்மிஷ் உஜ்ஜயினி மகாகாளர் கோயிலை இடித்ததை மின்ஹாஜ் பெருமையோடு எழுதுகிறார். எழுத்தால் தமக்குக் குலம் தேடியவரின் கை, பிறர் குலத்தின் கல்லை அழித்ததும் உண்மை. கூஃபியின் அழகைச் சொல்லும் எவரும் இதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

மகளுக்காக ஓர் ஆணை

குவாலியர்க் கோட்டையை 1232இல் வென்று திரும்பிய சுல்தான், அரசாங்கக் கணக்குத் தலைவர் தாஜுல் முல்க் மகமூதை அழைத்து ஓர் ஆணை எழுதச் சொன்னார். தமக்குப்பின் மகள் ரஸியாவே வாரிசு என்பது அதன் பொருள். வளர்ந்த ஆண்மக்கள் இருக்கப் பெண்ணுக்கு அரியணையா என்று தலைவர்கள் குறுக்கிட்டனர். மக்கள் இன்பத்தில் மூழ்கியவர்கள், நாட்டைத் தாங்கும் வலிமை அவர்களுக்கு இல்லை, தாம் போனபிறகு மகளைவிடத் தகுதியானவர் இல்லையென்பதை அவர்களே காண்பார்கள் என்று சுல்தான் விடையளித்தார். ஆணை எழுதி முடிந்தது.

1236இல் பானியான் நோக்கிப் படையெடுத்துச் சென்ற வழியில் நோய் வாய்ப்பட்டார். தில்லிக்குத் தூக்கி வரப்பட்டு, ஏப்ரல் மாத இறுதியில் மறைந்தார். வாழ்நாள் முழுவதும் எழுத்தின் வலிமையை நம்பியவரின் கடைசி எழுத்து அப்போது தோற்றது. தலைவர்கள் அந்த ஆணையைப் புறக்கணித்து, மகன் ருக்னுத்தீன் பெரோஸை அரியணையில் ஏற்றினர். ஏழு மாதங்களுக்குள் அவர் ஆட்சி சீர்குலைந்தது. தில்லி மக்கள் ரஸியாவின் பக்கம் நின்றனர். தந்தை எழுதிய ஆணை, தாமதமாக, மக்களின் கையால் நிறைவேறிற்று. அதுவும் நீடிக்கவில்லை. 1240இல் ரஸியாவும் வீழ்ந்தார். இல்துத்மிஷ் வளர்த்துவிட்ட அடிமைத் தலைவர்களே அவர் மக்களையும் பேரரையும் ஏற்றி இறக்கினர்.

எழுதுகோல் பிடித்த வாரிசு

1246இல் அரியணை ஏறியவர் மற்றொரு நாசிருத்தீன் மகமூது. மறைந்த மூத்த இளவரசரின் பெயரையே அவருக்கும் இட்டிருந்தனர். இருபது ஆண்டுகள் பெயரளவில் ஆண்டார். அதிகாரம் பல்பனிடம் இருந்தது. மின்ஹாஜ் தம் வரலாற்று நூலை 1260இல் முடித்து இவருக்கே உரிமையாக்கினார். இந்தச் சுல்தான் குர்ஆனைத் தம் கையால் படியெடுத்து, அதை விற்று வந்த பணத்தில் உணவு கொண்டார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவர் கைப்பட எழுதிய படி ஒன்றைத் தில்லி நீதிபதி கமாலுத்தீன் தமக்குக் காட்டியதாகவும், அதன் எழுத்து மிக நேர்த்தியாக இருந்ததாகவும் இப்னு பதூதா குறிப்பிடுகிறார்.

இல்துத்மிஷின் குடும்பத்தில் எழுத்து கொண்ட கடைசி உருவம் இது. முதல்வர் எழுத்தைக் கல்லில் ஏற்றி ஆட்சிக்குச் சான்றாக்கினார். அதிகாரம் இழந்த பின்வந்தவர் எழுத்தை உள்ளங்கை அளவு தாளில் இறக்கி, அன்றாட உணவுக்கு வழியாக்கினார்.

1258இல் மங்கோலியர் பாக்தாதை அழித்துக் கலீபாவைக் கொன்றனர். தில்லியின் நாணயங்களில் மட்டும் அந்தக் கலீபாவின் பெயர் மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்து பொறிக்கப்பட்டது. பெயருக்கு உரியவர் போன பின்பும் பெயரை விட்டுவிடத் தில்லி துணியவில்லை. விடுதலைப் பத்திரத்தைக் கம்பளத்தின் அடியில் வைத்திருந்தவரின் அச்சம், அவர் நிறுவிய அரசிலும் தங்கிவிட்டது.

கல்லறை மண்டபத்தில் இன்று குவிமாடம் இல்லை. 1914இல் நடந்த ஆய்வில் உண்மையான சமாதி, தரைக்குக் கீழே உள்ள நிலவறையில் இருப்பது தெரியவந்தது. மேலே திறந்த வெளி. மூலைகளில் குவிமாடத்தைத் தாங்க எழுந்த கல்வளைவுகள் எதையும் தாங்காமல் நிற்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் வாயில்கள். மேற்கே தொழுகைத் திசை காட்டும் சலவைக்கல் மாடம். காலை வெயில் கிழக்கு வாயில் வழியே உள்ளே விழும்போது, நிழல் கோட்டின் பள்ளத்தில் தங்கிக் கோணஎழுத்துகள் ஒவ்வொன்றாகத் துலங்குகின்றன. உச்சிப்பொழுதில் நிழல் சுருங்க, அவை மீண்டும் கல்லாகிவிடுகின்றன. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக அந்தச் சுவரில் நாள்தோறும் நடந்துவருவது இதுதான். விலைக்கு விற்கப்பட்ட சிறுவன் ஒருவன் தனக்காகத் தேடிக்கொண்ட குலம், பெயர் தெரியாத கல்தச்சர்களின் உளியில் அவ்வாறு விடிந்து மறைகிறது.